16 ஆம்ப் பிளக்கில் 200 ஆம்ப் வெல்டிங் மெஷின்: எம்.சி.பி.யை மட்டும் மாற்றினால் போதுமா?

கேள்வி, பிப்ரவரி 8, காலை

வீட்டின் பின்புறம் சிறிய பட்டறை போட்டிருக்கிறேன். 200 ஆம்ப் இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கி, அங்கே ஏற்கெனவே இருந்த 16 ஆம்ப் பவர் பிளக்கில் மாட்டினேன். மெல்லிய ராடு போட்டால் நன்றாக ஓடுகிறது. 4 மில்லிமீட்டர் ராடு போட்டு ஆம்பியரைக் கூட்டினால் பாதி ராடு எரிவதற்குள் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவை மீறினால் தானே வெட்டும் சுவிட்ச்) விழுந்துவிடுகிறது. எம்.சி.பி. 16 ஆம்ப், சி வகை. வயர் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு, சுவருக்குள் பைப்பில் போகிறது. மெயின் போர்டிலிருந்து பட்டறை 22 மீட்டர். 32 ஆம்ப் எம்.சி.பி. போட்டால் தொல்லை தீர்ந்தது என்று தெரிந்தவர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். இன்று மாலையே மாற்றிவிடலாமா, அண்ணா?

பிப்ரவரி 8, காலை

மாற்றாதீர்கள், தம்பி. இன்று மாலை மட்டுமல்ல, அந்த வயர் அங்கே இருக்கும்வரை.

எம்.சி.பி. விழுவது கோளாறு அல்ல. அது காப்பது மெஷினை அல்ல, சுவருக்குள் கண்ணில் படாமல் கிடக்கும் வயரை. பைப்பில் போகும் 2.5 வயர் தாங்குவது சுமார் 24 ஆம்பியர். அதுவும் சுற்றிலும் 30 டிகிரி சூடு இருக்கும்போது. எம்.சி.பி.க்கான விதியோ, அதில் எழுதியிருக்கும் அளவின் 1.45 மடங்கு ஓடினால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும் என்றுதான் சொல்கிறது. 32-ஐ 1.45-ஆல் பெருக்குங்கள். 46 ஆம்பியர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓடினாலும் அந்த எம்.சி.பி. விதியை மீறியதாகாது. 24 தாங்கும் வயரில் 46 ஓடினால் சூடு இரண்டு மடங்காவதோடு நிற்காது. சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்தில் ஏறும். மூன்றரை மடங்கைத் தாண்டும். சாதாரண பி.வி.சி. உறை 70 டிகிரிக்கு உருவாக்கப்பட்டது. மீதியை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தெரிந்தவர் என்ன வேலை பார்க்கிறார்?

பிப்ரவரி 8, இரவு

தெரிந்தவர் கார் மெக்கானிக்காம். சரி, கார் பழுதென்றால் அவரிடம் போவோம்.

மெஷினின் நேம் பிளேட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். எல்லாரும் பார்ப்பது அதில் பெரிதாக அச்சடித்த 200-ஐ. நமக்கு அது வேண்டாம். அது ராடு முனையில் வெளியே வரும் ஆம்பியர். வயருக்கும் பிளக்குக்கும் வேண்டியது கீழ்வரிசையில் பொடி எழுத்தில் இருக்கிறது: ஐ1 மேக்ஸ், ஐ1 எஃபெக்டிவ் என்று இரண்டு எண்கள். முதலாவது, மெஷின் முழுவீச்சில் ஓடும்போது சுவரிலிருந்து இழுக்கும் மின்னோட்டம். இரண்டாவது, ஓடும் நேரத்தையும் ஓய்வையும் சேர்த்துக் கணக்கிட்டால் வயர் உணரும் மின்னோட்டம். உங்கள் படத்தில் முதல் எண் 41, இரண்டாவது 22.5.

இந்த 41 எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மற்ற எல்லாம் தானாக விளங்கும். ராடு வெல்டிங்கில் ஆர்க்கின் (ராடு முனைக்கும் இரும்புக்கும் இடையே எரியும் மின்பொறியின்) வோல்ட்டுக்கு ஒரு வழக்கமான கணக்கு உண்டு: 20-உடன் ஆம்பியரின் 0.04 மடங்கைக் கூட்ட வேண்டும். 200 ஆம்பியரில் 28 வோல்ட். ஆக வெளியே போவது 5.6 கிலோவாட். மெஷினின் திறன் சுமார் 82 சதவீதம் என்றால் உள்ளே வர வேண்டியது 6.8 கிலோவாட். இத்தோடு நின்றால் 30 ஆம்பியரில் முடிந்திருக்கும். ஆனால் பவர் ஃபேக்டர் திருத்தம் இல்லாத இன்வெர்ட்டர் மின்சாரத்தைச் சீராக இழுப்பதில்லை. அலையின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று இழுக்கும். பவர் ஃபேக்டர், அதாவது இழுப்பதில் உண்மையில் வேலையாகும் பங்கு, 0.7 அளவில்தான் நிற்கும். அதனால் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் கே.வி.ஏ. 9.5, அதாவது 230 வோல்ட்டில் 41 ஆம்பியர்.

இதே கணக்கை ராடு ராடாகப் போட்டுப் பாருங்கள். 2.5 ராடு, 80 ஆம்பியர்: சுவரிலிருந்து 14. 3.15 ராடு, 120 ஆம்பியர்: 22 முதல் 23. 4 ராடு, 160 ஆம்பியர்: 32. உங்கள் எம்.சி.பி. எந்த ராடில் விழுகிறது என்று நீங்கள் சொன்னதும் இதுவும் அப்படியே பொருந்துகிறது. 16-இன் இரண்டு மடங்கு ஓடினால் ஒரு நிமிடத்துக்கு அப்படியும் இப்படியுமாக விழும். பாதி ராடு எரிய ஆகும் நேரம் அதுதானே.

வயர் வேலை முடியும்வரை 2.5 ராடு, 80 ஆம்பியர். அந்த எல்லைக்குள் கேட்டும் ஜன்னல் கிரில்லும் தாராளமாகச் செய்யலாம்.

பிப்ரவரி 9, காலை

இதைப் படித்த இன்னொருவர், தம் மெஷினின் ஸ்விட்சைப் போட்ட கணத்திலேயே எம்.சி.பி. விழுகிறது, ராடைத் தொடவே விடுவதில்லை என்கிறார். அது வேறு நோய்.

எம்.சி.பி.க்குள் இரண்டு காவல்கள் உண்டு. ஒன்று சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு. மெதுவாக வேலை செய்யும். மற்றது காந்தச் சுருள். கண்ணிமைக்கும் நேரத்தில் வெட்டும். பி, சி, டி என்ற எழுத்து சொல்வது இந்தச் சுருளைப் பற்றி. பி வகை 3 முதல் 5 மடங்கில் வெட்டும், சி வகை 5 முதல் 10, டி வகை 10 முதல் 20. இன்வெர்ட்டருக்குள் பெரிய கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. ஸ்விட்ச் போட்டவுடன் அவை ஒரே மூச்சில் நிரம்பப் பார்க்கும். நல்ல மெஷினில் அதை மட்டுப்படுத்த ஒரு தடையும் ரிலேயும் இருக்கும். அந்த ரிலே ஒட்டிக்கொண்டாலோ, போர்டில் பி வகை எம்.சி.பி. இருந்தாலோ உடனே விழும். ஆக, போட்டவுடன் விழுந்தால் எழுத்தையும் மெஷினையும் பாருங்கள். பாதி ராடில் விழுந்தால் எண்ணையும் வயரையும் பாருங்கள்.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷின்கள் போட்ட கணத்தில் முட்டி இழுப்பதில் இன்வெர்ட்டரைவிட முரடு. அவற்றுக்கு சி வகையே சில நேரம் ஈடுகொடுக்காது.

பிப்ரவரி 9, இரவு

‘அப்படியானால் என்ன வயர் போடுவது?’

மெயின் போர்டிலிருந்து தனி லைன். 6 சதுர மில்லிமீட்டர் செம்பு, 32 ஆம்ப் சி வகை எம்.சி.பி., அந்த லைனில் வேறெதுவும் கூடாது. பட்டறை விளக்கைக்கூட அதில் கோக்காதீர்கள். ராடு எரியும்போது எம்.சி.பி. விழுந்தால், முகமூடிக்குள் ஏற்கெனவே இருட்டாக இருப்பவர் முகமூடியைத் தூக்கினாலும் இருட்டில்தான் நிற்பார். காலடியில் செக்கச் சிவந்த இரும்பு கிடக்கும்.

தூரத்தை மறக்காதீர்கள். 22 மீட்டர், 41 ஆம்பியர் என்று எடுத்துக்கொண்டால் இப்போதுள்ள 2.5 வயரில் மட்டும் 16 வோல்ட் தொலையும். அதை 41-ஆல் பெருக்கினால் 660 வாட்டுக்கு மேல். ஓர் இஸ்திரிப் பெட்டியைப் போட்டுச் சுவருக்குள் பூசிவைத்ததற்குச் சமம். 4 வயரில் 10 வோல்ட் போகும். 6 வயரில் ஆறரை. 10 வயரில் 4. விளக்கு அல்லாத லைன்களில் 5 சதவீதம், அதாவது பதினொன்றரை வோல்ட்டுக்கு மேல் இழக்காமல் பார்ப்பது பொது வழக்கம்.

இன்வெர்ட்டர் மெஷினுக்கு இதில் ஒரு வக்கிரம் உண்டு. வோல்ட் குறைந்தால் பல்பு மங்கும், அத்தோடு சரி. இன்வெர்ட்டரோ வெளியே கொடுக்க வேண்டிய வாட்டைக் கொடுத்தே தீருவேன் என்று இன்னும் அதிக ஆம்பியர் இழுக்கும். 230-இல் 41 இழுத்தது 200 வோல்ட்டில் 47 இழுக்கும். ஆம்பியர் கூடினால் வயரில் இன்னும் வோல்ட் போகும். மெலிந்த வயரும் நீண்ட தூரமும் சேர்ந்தால் இப்படித்தான் ஒன்றையொன்று கெடுத்துக்கொள்ளும்.

பிப்ரவரி 10

‘ஐ1 எஃபெக்டிவ் 22.5 என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். 4 வயர் 32 ஆம்பியர் தாங்கும். எதற்காக 6?’

நல்ல கேள்வி. நேற்று 6 என்று எழுதும்போது காரணத்தைப் பாதிதான் சொன்னேன்.

சூட்டை மட்டும் பார்த்தால் 4 போதும். மெஷினின் டியூட்டி சைக்கிள் 30 சதவீதம். அதாவது 10 நிமிடத்தில் 3 நிமிடம் முழுவீச்சில் எரியும், 7 நிமிடம் ஆறும். 0.3-இன் வர்க்கமூலம் 0.55. 41-ஐ அதனால் பெருக்கினால் 22.5. வயர் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவதால் இந்தக் கணக்கு நியாயமானதுதான். வோல்ட் இழப்பும் 10-க்குள் நிற்கிறது.

சிக்கல் எம்.சி.பி.யில் வருகிறது. முழுவீச்சில் ஓட 32 ஆம்ப் எம்.சி.பி. வேண்டும். 41 என்பது 32-இன் 1.28 மடங்கு, ஒரு ராடு எரியும் நேரத்துக்கு அது அசையாமல் நிற்கும். ஆனால் 4 வயர் 32 தாங்கும் என்பது 30 டிகிரியில். தகரக் கூரைக்கு அடியில் பைப் போகும் பட்டறையில் 40 டிகிரி சர்வ சாதாரணம். அங்கே 0.87-ஆல் பெருக்க வேண்டும். 4 வயருக்கு 28 ஆம்பியர்தான் மிஞ்சும். 28 தாங்கும் வயருக்கு 32 ஆம்ப் எம்.சி.பி. காவல் ஆகாது. 6 வயர் அதே சூட்டில் 35 சொச்சம் தாங்கும். 32 அதற்குள் அடங்குகிறது. 6 என்று சொன்னதற்கு முழுக் காரணம் இதுதான். 40 ஆம்ப் எம்.சி.பி.தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் 10 வயருக்குப் போக வேண்டும்.

மெஷின் ஓய்வெடுக்கும் என்று நம்பி வயரை மெலிய வைப்பதில் எனக்குள்ள தயக்கம் வேறு. மெஷின் ஓய்வெடுக்கும், சாக்கெட் எடுக்காது. அந்தச் சாக்கெட்டில் நாளை என்ன மாட்டப்படும் என்று இன்று வயர் இழுப்பவருக்குத் தெரியாது. ஏர் கம்ப்ரசரோ ஹீட்டரோ மணிக்கணக்கில் ஓடும்.

பவர் ஃபேக்டர் திருத்தம் உள்ள மெஷினாக வாங்கியிருந்தால் இந்தத் தலைவலி பாதிதான். அதே 200 ஆம்பியரை அது 30 ஆம்பியர் இழுத்தே கொடுத்துவிடும். வாங்கப்போகிறவர்கள் கவனிக்க.

பிப்ரவரி 11

சாக்கெட் பற்றி யாருமே கேட்கவில்லை. எரிவது பெரும்பாலும் அதுதான்.

என் பட்டறையிலும் ஆரம்பத்தில் வீட்டு வகை 16 ஆம்ப் சாக்கெட்தான் இருந்தது. வெல்டிங் வாடை மூக்கில் ஏறியிருந்ததால் பிளாஸ்டிக் கருகும் வாடை தனியாகத் தெரியவில்லை. வேலை முடித்துப் பிளக்கைப் பிடுங்கியபோது ஒரு முள் விரலைச் சுட்டது. எந்த முள் என்று பார்த்தேன். ஃபேஸ் முள்ளில் பித்தளையின் மஞ்சள் மறைந்து வானவில் நிறம் ஓடியிருந்தது. சாக்கெட்டின் அந்தத் துளையைச் சுற்றி மட்டும் வெள்ளைப் பிளாஸ்டிக் தேநீர்க் கறை நிறத்துக்கு வந்திருந்தது. மற்ற இரண்டு துளைகளும் புதிது போலவே இருந்தன. மெயினை அணைத்து முகப்பைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. உள்ளே திருகு அரைச் சுற்றுக்கு மேல் தளர்ந்திருந்தது. வயர் முனை கறுத்து, இழைகள் நகத்தால் தொட்டால் ஒடியும் பதத்தில் இருந்தன. எம்.சி.பி.க்கு இது எதுவும் தெரியாது. லூஸ் கான்டாக்டில் ஆம்பியர் கூடுவதில்லை. ஒரே புள்ளியில் சூடுதான் கூடுகிறது.

அதன்பிறகு நீல நிறத் தொழிற்கூட வகைக்கு மாறிவிட்டேன். ஐ.இ.சி. 60309 தரம், 32 ஆம்ப், மூன்று முள். நீலம் என்றால் 200 முதல் 250 வோல்ட். சிவப்பு 380 முதல் 480. மஞ்சள் 100 முதல் 130. எர்த் முள் மற்றவற்றைவிடத் தடிமன். 32 ஆம்ப் பிளக் 16 ஆம்ப் சாக்கெட்டில் நுழையாது. தெரியாமல் தவறான இடத்தில் மாட்ட வழியே இல்லை என்பதற்காகவே எனக்கு அது பிடிக்கும். மூடியில் ஒரு கொக்கி உண்டு. கேபிளை யாராவது தடுக்கினாலும் பிளக் பாதி வெளியே வந்து தொங்காது.

இரண்டு விஷயம் கூட. பல இழை வயரைத் திருகுக்குள் அப்படியே நுழைக்காதீர்கள்; லக் அல்லது முனைக்குழல் அடித்துப் பிறகு நுழையுங்கள். ஈயம் பூசி முறுக்கினால் பாந்தமாக இருக்கும் என்று ஒரு பழைய பழக்கம் உண்டு. ஈயம் திருகின் அழுத்தத்துக்கு மெல்ல மெல்ல விலகிக் கொடுத்துவிடும். இன்று இறுக்கமாக இருப்பது சில மாதத்தில் தளரும்.

பிப்ரவரி 12

‘டி வகை 32 ஆம்ப் போட்டால் எந்தக் காலத்திலும் விழாதே?’

விழாது. விழ வேண்டிய நேரத்திலும் விழாது.

மெஷினின் உடம்பில் ஃபேஸ் பட்டுவிட்டது என்று வையுங்கள். எர்த் வயர் வழியாகப் பெரிய மின்னோட்டம் ஓடி எம்.சி.பி.யை உடனே வெட்டச் செய்ய வேண்டும். பி வகை 32-க்கு 160 ஆம்பியர் போதும். சி வகைக்கு 320. டி வகைக்கு 640. 230-ஐ 640-ஆல் வகுத்தால் 0.36. போய்த் திரும்பும் பாதை முழுவதன் தடையும் 0.36 ஓமுக்குள் இருந்தாக வேண்டும். மெயினிலிருந்து தள்ளி, பின்புறத்தில் இருக்கும் பட்டறைக்கு அது எளிதில் கிடைப்பதில்லை. அளக்காமல் டி போடுவது கண்ணை மூடிக்கொண்டு சாலையைக் கடப்பது.

வீட்டு எர்த் என்பது மண்ணில் அடித்த கம்பி மட்டும்தான் என்றால் நிலைமை இன்னும் மோசம். அந்தக் கம்பியின் தடை 20 ஓம் என்றே வைத்துக்கொள்வோம். 230-ஐ 20-ஆல் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 32 ஆம்ப் எம்.சி.பி.க்கு அது ஒரு பொருட்டே அல்ல. எந்த எழுத்தைப் போட்டாலும் அது விழாது; மெஷினின் உடம்பு முழு வோல்ட்டோடு உங்களுக்காகக் காத்திருக்கும். அங்கே எர்த்துக்குக் கசியும் மின்னோட்டத்தைக் கண்டவுடன் வெட்டும் ஆர்.சி.சி.பி. இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

பிப்ரவரி 14

ஆர்.சி.சி.பி. என்றவுடன் புகார்கள் வரிசை கட்டிவிட்டன. சும்மா சும்மா விழுகிறதாம்.

விழுவதற்குக் காரணம் உண்டு. இன்வெர்ட்டருக்குள் இரைச்சலை வடிகட்டும் ஃபில்டர் இருக்கிறது. அது எப்போதும் கொஞ்சம் மின்னோட்டத்தை எர்த்துக்குக் கசியவிடும். வீட்டில் இருக்கும் கணினி, வாஷிங் மெஷின், எல்.இ.டி. விளக்கு எல்லாமே அப்படிக் கொஞ்சம் கொஞ்சம் கசிய விடுகின்றன. வீடு முழுவதற்கும் ஒரே 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. இருந்தால் கசிவெல்லாம் அதில்தான் கூடும். கடைசியாக வந்து சேர்ந்த வெல்டிங் மெஷின்மேல் பழி விழும். பட்டறை லைனுக்கென்று தனியாக ஒன்று போடுங்கள். எம்.சி.பி.யும் ஆர்.சி.சி.பி.யும் ஒன்றாகச் சேர்ந்த ஆர்.சி.பி.ஓ. இன்னும் எளிது. ஏ வகை கேளுங்கள். பழைய ஏ.சி. வகை, மெஷினுக்குள் ஏ.சி.யை டி.சி.யாக்கும் ரெக்டிஃபையருக்குப் பின்னால் கசிவு ஏற்பட்டால் உணராமல் போகலாம்.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று ராடு முனையைக் கையால் தொடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் பிரித்துவைத்த தனி உலகம். சுவரில் இருக்கும் ஆர்.சி.சி.பி.க்கு அங்கே நடப்பது எதுவும் தெரியாது. சும்மா நிற்கும் மெஷினின் ராடு முனையில் டி.சி.யில் 113 வோல்ட் வரை இருக்கத் தரமே இடம் கொடுக்கிறது. வியர்த்த கை, நனைந்த கையுறை, இரும்பின்மேல் உட்கார்ந்த உடம்பு: இந்த மூன்றும் சேர்ந்தால் அது சிறிய எண் அல்ல.

பிப்ரவரி 15

நேற்றைய குறிப்பைத் திரும்பப் படித்தபோது, அந்தத் தனி உலகம் வீட்டு எர்த்துக்குள் புகுந்துவிடும் வழி ஒன்று நினைவுக்கு வந்தது. இதைப் பற்றி யாரும் எச்சரிப்பதே இல்லை.

நண்பர் ஒருவரின் பட்டறையில் நடந்தது. இரும்பு மேசை, அதில் போல்ட் போட்டு இறுக்கிய பெஞ்ச் கிரைண்டர். பக்கத்தில் தனியாக நிற்கும் டிரில் மெஷின். இரண்டும் பிளக்கில். டிரில் ஸ்டாண்டில் ஒரு விரிசல். அதைப் பற்றவைக்க உட்கார்ந்தார். மின்னோட்டம் மெஷினுக்குத் திரும்பும் கேபிளின் கிளாம்பை ஸ்டாண்டில் மாட்டாமல் வழக்கம்போல மேசைக் காலில் விட்டிருந்தார். ஸ்டாண்டுக்கும் மேசைக்கும் இடையே நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனாலும் ஆர்க் பற்றியது. எப்படி? ராடிலிருந்து ஸ்டாண்டுக்கு, ஸ்டாண்டிலிருந்து டிரில்லின் எர்த் வயர் வழியாகச் சாக்கெட் போர்டுக்கு, அங்கிருந்து கிரைண்டரின் எர்த் வயர் வழியாக மேசைக்கு, மேசையிலிருந்து கிளாம்புக்கு. நூறு ஆம்பியருக்கு மேல், பென்சில் லெட் பருமன் உள்ள பச்சை வயரில்.

எம்.சி.பி. விழவில்லை, ஃபேஸில் அளவுக்கு மீறி எதுவும் ஓடவில்லை. ஆர்.சி.சி.பி.யும் விழவில்லை, ஃபேஸில் போனது நியூட்ரலில் ஒழுங்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. டிரில் கேபிளின் உறை நீளவாக்கில் கொப்பளித்த பிறகுதான் புகையைப் பார்த்தார். பாதிப்பு தெரிந்த கேபிளோடு போயிருந்தால் பரவாயில்லை. உள்ளே எர்த் அறுந்த நிலையில் அந்த டிரில் அதற்குப் பிறகும் சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கும். யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

கிளாம்பை எப்போதும் பற்றவைக்கும் துண்டிலேயே மாட்டுங்கள், துருவையும் பெயின்டையும் சுரண்டிவிட்டு. மின்சாரத்தில் ஓடும் ஒரு கருவியின் உடம்பில் வெல்டிங் செய்ய வேண்டுமென்றால் முதலில் அதன் பிளக்கைப் பிடுங்குங்கள்.

பிப்ரவரி 16

வட அமெரிக்காவிலிருந்து ஒருவர், 240 வோல்ட் சாக்கெட்டில் நியூட்ரலே இல்லையே, எலக்ட்ரீஷியன் ஏமாற்றிவிட்டாரா என்று கேட்கிறார். இல்லை. அங்கே வெல்டருக்கு வழக்கமான சாக்கெட் நெமா 6-50. இரண்டு ஃபேஸ், ஓர் எர்த். மெஷினுக்கு நியூட்ரல் தேவையில்லை.

அங்குள்ள தேசிய மின் விதித்தொகுப்பின் 630-ஆம் பிரிவு, டியூட்டி சைக்கிளைப் பார்த்து வயரை மெலிய வைக்க வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. 20 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் 0.45 மடங்கு, 30-க்கு 0.55, 40-க்கு 0.63, 60-க்கு 0.78. நான் மேலே போட்ட வர்க்கமூலக் கணக்கேதான். வயரைக் காக்கும் பிரேக்கர் வயரின் அளவில் இரண்டு மடங்குவரை இருக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால் 50 ஆம்ப் பிரேக்கருக்குப் பின்னால் 50 தாங்காத வயர் சட்டப்படியே இருக்கலாம். வெல்டர் மட்டும் ஓடும்வரை அதில் ஆபத்தில்லை. வீடு கைமாறி, புதிதாக வந்தவர் அந்தச் சாக்கெட்டைப் பார்த்து மின்சாரக் கார் சார்ஜரை மாட்டினால்? அது இரவு முழுவதும் ஓடும். நான் 10-ஆம் தேதி சொன்ன தயக்கம் இதுதான். விதி அனுமதித்தாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மெலிந்த வயரே போட்டிருந்தால் சாக்கெட்டின் மேல் அழியாத மையில் எழுதி ஒட்டுங்கள்: வெல்டருக்கு மட்டும்.

பிப்ரவரி 18

கொஞ்சம் வேடிக்கை. வெல்டிங் கற்றுக்கொள்பவர் முதலில் உறுதியாகப் பற்றவைப்பது ராடைத்தான், இரும்போடு. அப்படி ஒட்டிக்கொள்ளும்போது எம்.சி.பி. விழும் என்று பலரும் பயப்படுகிறார்கள். இன்வெர்ட்டரில் நடப்பது நேர்மாறு. ராடு ஒட்டினால் வெளியே வோல்ட் ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஆம்பியரை மெஷின் கட்டிப்போடுகிறது. வோல்ட் இல்லாத இடத்தில் வாட் ஏது? சுவரிலிருந்து இழுப்பது குறைந்துவிடும்.

அதிகம் இழுப்பது நீண்ட ஆர்க். 120 ஆம்பியரில் ஆர்க்கைக் குறுக்கிப் பிடித்தால் 25 வோல்ட், 3 கிலோவாட். கை நடுங்கி ராடைத் தூக்கிப் பிடித்தால் 35 வோல்ட். அதே ஆம்பியரில் 4.2 கிலோவாட். சுவரில் 22 இழுத்தது 30-ஐத் தாண்டிவிடும். ஒரே மெஷின், ஒரே ராடு, ஒரே பிளக். அனுபவசாலி கையில் ஓடுகிறது, கற்றுக்குட்டி கையில் எம்.சி.பி. விழுகிறது.

பழைய டிரான்ஸ்ஃபார்மர் மெஷினுக்கு இது பொருந்தாது. அங்கே ராடு ஒட்டினால் இழுப்பு கூடவே செய்யும்.

பிப்ரவரி 20

எக்ஸ்டென்ஷன் கேபிள் பற்றி இரண்டு பேர். உருளையில் சுற்றியபடியே ஓட்டாதீர்கள். முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். சுற்றிய கேபிளின் உள்அடுக்குக்குக் காற்றே படாது. வெளியே கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும்போதே உள்ளே உறைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். வயர் பருமன் சுவரில் இருப்பதைவிடக் குறையக் கூடாது. முடிந்தால் கரன்ட் கேபிளை நீட்டாமல், ராடு பிடிக்கும் கனத்த வெல்டிங் கேபிளை நீட்டுங்கள்.

ஜெனரேட்டரில் ஓட்டலாமா? ஐ1 மேக்ஸை 230-ஆல் பெருக்கி வரும் கே.வி.ஏ.வைப் பாருங்கள், கிலோவாட்டை அல்ல. உங்கள் மெஷினுக்கு ஒன்பதரை.

போர்டில் கைவைக்கும் வேலையை லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியது, இந்தக் குறிப்புகளோடு அவர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்பது. ‘எர்த் தடை எவ்வளவு, அளந்தீர்களா?’ என்று கேளுங்கள். அவர் முகம் போகும் போக்கிலேயே பாதி விடை தெரியும்.

பிப்ரவரி 26

வேலை முடிந்ததாம். 6 வயர், 32 ஆம்ப் ஆர்.சி.பி.ஓ., நீலச் சாக்கெட். 4 ராடு முழுதாக எரிகிறது, எதுவும் விழவில்லை. நல்லது.

ஆனால் தம்பி ஒரு சந்தேகம் கேட்டிருக்கிறார்: ‘வயரைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன், 160 ஆம்பியரில் 23-தான் காட்டுகிறது. நீங்கள் 32 என்றீர்கள். 6 வயர் வீணோ?’

மீட்டரின் முகப்பில் ட்ரூ ஆர்.எம்.எஸ். (எந்த வடிவ அலையையும் சரியாக அளப்பது) என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். இல்லையென்றால், அது சீரான அலைக்காக உருவான சாதாரண மீட்டர். சராசரியை அளந்து ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. உங்கள் மெஷின் உச்சியில் மட்டும் வெடுக்கென்று இழுப்பதால் அத்தகைய மீட்டர் கால் பங்குக்கு மேல்கூடக் குறைத்துக் காட்டும். வயர் சூடாவது மீட்டரைக் கேட்டு அல்ல. யாரிடமாவது ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் இரவல் வாங்கி மறுபடி அளந்து எண்ணை இங்கே போடுங்கள். அதுவரை அந்த 23-ஐ நம்பி, மிச்சம் 9 ஆம்பியர் இருக்கிறதே என்று கம்ப்ரசரை அதே லைனில் இணைத்துவிடாதீர்கள்.